இரண்டு பேருக்கும் அம்மா

மஸ்கட்டில் அபாயா தைக்கும் கடையின் மேல்மாடியில் மெஹருன்னிசா கறுப்புத் துணியின் கைப்பகுதியில் கல் பதித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் பரீதின் அழைப்பு வந்தது. அவன் வேலை நேரத்தில் கூப்பிடுகிறவன் அல்ல. எடுத்தவுடனே, "மெஹ்ரு, நின்னுக்கிட்டா இருக்கே? உக்காரு" என்றான்.

அவள் உட்கார்ந்துதான் இருந்தாள். ஆனாலும் எழுந்து நின்றாள்.

"அம்மா போயிட்டா. அடுக்களையில சோறு வடிச்சுக்கிட்டு இருந்தவ அப்படியே சரிஞ்சுட்டா. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்கூட இருக்கல."

"அன்ஸியா எங்க?" என்றுதான் மெஹருன்னிசாவுக்கு முதலில் கேட்க வந்தது.

"ஸ்கூல்ல. இன்னும் தெரியாது. உன் மைனி கூட்டிட்டு வரப் போயிருக்கா."

அவளுடைய பாஸ்போர்ட் மேனேஜரின் அலமாரியில் இருந்தது. மேனேஜர் ஏதோ கல்யாணத்துக்காக சலாலா போயிருந்தார். சாவியும் அவரோடு போயிருந்தது. கூடத் தைக்கும் பெண்கள் மாறிமாறி அவருக்கு போன் போட்டார்கள். பெல் அடித்துக்கொண்டே இருந்தது. மெஹருன்னிசா மாடிப்படியில் உட்கார்ந்து, யார் யாரோ கொண்டுவந்து கொடுத்த தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

மாலையில் பரீத் மறுபடி கூப்பிட்டான். "பள்ளிவாசல்ல எப்ப அடக்கம்னு கேக்குறாங்க. நீ காலைல வந்துடுவேன்னா காத்திருக்கலாம். எப்ப வருவே?"

"பாஸ்போர்ட் கையில இல்லண்ணே."

"எப்ப கிடைக்கும்?"

"தெரியல."

அவனுக்குப் பின்னால் யாரோ யாசீன் ஓதும் சத்தம் கேட்டது. தான் ஒன்று சொன்னால்தான் அங்கே காரியம் நடக்கும் என்று அவளுக்குப் புரிந்தது.

"எடுத்துடுங்க," என்றாள்.

"போன்ல முகம் காட்டட்டுமா?"

"வேண்டாம்ணே."

ஏன் வேண்டாம் என்றோம் என்று பின்னால் பலமுறை யோசித்துப் பார்த்தாள். அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் அம்மாவை அப்படிப் பார்த்தால் அதுவே மனதில் நின்றுவிடும் என்று பயந்திருக்க வேண்டும்.

மேனேஜர் திரும்பிவந்து அவள் விமானம் ஏறும்போது எல்லாம் முடிந்திருந்தது. மட்டாஞ்சேரியில், பசார் ரோட்டுச் சரக்குக் கிட்டங்கிகளுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் ஆட்டோ நுழைந்தபோது, துக்கத்துக்கு வாடகைக்கு எடுத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒருவர் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். அண்ணன் மனைவி கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். மெஹருன்னிசா மைனி என்று கூப்பிடும் அந்தப் பெண், அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். குழந்தையும் சேர்ந்து அழுதது.

அன்ஸியா உள்ளே தரையில் உட்கார்ந்து பிஸ்கெட்டைச் சாயாவில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள். ஒன்றாம் வகுப்பு யூனிபார்மில் இருந்தாள். தலை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அடுக்களைப் பக்கம் முகத்தைத் திருப்பி, "மெஹ்ரு வந்துட்டா!" என்று குரல் கொடுத்தாள்.

அடுக்களையில் யாரும் இல்லை. சொன்ன பிறகுதான் அது அவளுக்கே உறைத்தது. கையிலிருந்த பிஸ்கெட் ஊறி டம்ளருக்குள் விழுந்தது. அவள் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தான் பெற்ற மகள் தன்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள் என்பது மெஹருன்னிசாவுக்குப் பழகிப்போன விஷயம். அன்ஸியா வயிற்றில் இருக்கும்போதே கணவன் ஷமீல் வேறு கல்யாணம் செய்துகொண்டு பெரும்பாவூர்ப் பக்கம் போய்விட்டான். குழந்தை தவழ ஆரம்பித்தபோது மெஹருன்னிசா மஸ்கட் போனாள். அதன்பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஒரு மாத லீவில் வருவாள். வளர்த்ததெல்லாம் அவளுடைய அம்மா சைத்தூன் பீவி. "நான் நன்னிடி, உன் பாட்டி. உன் அம்மா போன்ல இருக்கா பாரு" என்று எத்தனையோ தடவை திருத்திப் பார்த்தாள். குழந்தை கேட்கவில்லை. சோறு போடுகிறவளை அம்மா என்றது. போனில் வருகிறவளை, வீட்டில் எல்லோரும் கூப்பிடுவதுபோல மெஹ்ரு என்றது.

மறுநாள் காலையில் பரீத் அவளை அம்மாவை அடக்கியிருந்த கபர்ஸ்தானுக்குக் கூட்டிப்போனான். பெண்கள் உள்ளே போகிற வழக்கம் அங்கே இல்லை. மதிலுக்கு வெளியே, சாக்கடை மூடியிருந்த கல்லின் மேல் ஏறி நின்றாள்.

"அந்தப் புளியமரம் தெரியுதா? அதுக்கு இந்தப் பக்கம், ஒரு பழைய மீசான் கல்லு. அதுக்குப் பின்னால. மயிலாஞ்சிக் கம்பு நட்டிருக்கோம்."

"கல்லுதாண்ணே தெரியுது."

"அதுக்குப் பின்னாலதான்."

அவள் எக்கிப் பார்த்தாள். வலப்பக்கம் நகர்ந்து பார்த்தாள். எப்படிப் பார்த்தாலும் அந்தக் கல் மறைத்தது. பரீத் கொஞ்சநேரம் நின்றுவிட்டு, "நான் உள்ள போயி உனக்காகவும் துஆ செஞ்சுட்டு வரேன்" என்று போனான். அவன் அந்தக் கல்லுக்குப் பின்னால் போய் நின்றபோது அவனுடைய தலை மட்டும் தெரிந்தது. அதை வைத்துத்தான் அம்மா கிடக்கும் இடம் எது என்று அவள் ஒருமாதிரி குறித்துக்கொண்டாள்.

வீட்டில் அவளுக்கு எதுவும் பிடிபடவில்லை. மல்லிப்பொடி எந்த டப்பாவில், தீப்பெட்டி எங்கே என்று கேட்டால் அன்ஸியா பேசாமல் போய் எடுத்துக் கொடுப்பாள். ஆனால் மெஹருன்னிசா ஆக்கியதைச் சாப்பிடமாட்டாள்.

"மீன்கறி நல்லா இல்லையா மோளே?"

"அம்மா இப்படி அல்ல வைப்பா."

"எப்படி வைப்பா, சொல்லு. அப்படியே வைக்கிறேன்."

அன்ஸியா யோசித்தாள். "எனக்குத் தெரியல்ல. இப்படி அல்ல."

சோற்றை மட்டும் உப்புப் போட்டுப் பிசைந்து தின்றுவிட்டு எழுந்தாள். அவள் அழவேயில்லை என்பதுதான் எல்லோருக்கும் கவலையாக இருந்தது. "பொடிக்குழந்தை, சீக்கிரம் மறந்துடும்" என்றார்கள் சிலர். மைனி அப்படி நினைக்கவில்லை. "மய்யத்துக் கட்டில் போகும்போதும் சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னா மெஹ்ரு. கண்ணு மட்டும் இப்படி இருந்துச்சு" என்று விரலை விரித்துக் காட்டினாள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தலையில் எண்ணெய் வைத்துப் பின்னுவது வழக்கம். மெஹருன்னிசா சீப்பை எடுத்துக்கொண்டு பின்புறப் படியில் உட்கார்ந்தாள். அன்ஸியா வந்து முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கொஞ்சநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "கதை?" என்றாள்.

"என்ன கதை?"

"சுல்தானா கதை. தலை சீவும்போ அம்மா சொல்லுமே."

"அம்மாவா? கதை சொன்னாளா?"

மெஹருன்னிசாவுக்கு அது நம்பமுடியாததாக இருந்தது. அவளுக்குத் தெரிந்த சைத்தூன் பீவி ஹோட்டல்களுக்கு இடியாப்பம் பிழிந்து கொடுத்துப் பிழைத்த பெண். கணவர் போனபிறகு ஓயாமல் நின்றுகொண்டே இருந்தவள். அவள் வாயிலிருந்து வந்ததெல்லாம் "மெஹ்ரு, தண்ணி", "மெஹ்ரு, மாவு", "மெஹ்ரு, நேரமாச்சு" என்பவைதான். தலை சீவிவிட்டதுண்டு, இழுத்து, வலிக்க, ஒரு நொடியில் முடித்துவிடுவாள். அந்தப் பெண் ஒரு சாயங்காலம் முழுக்கப் படியில் உட்கார்ந்து கதை சொன்னாள் என்பதைக் கேட்டபோது, யாரோ தெரியாத ஒருத்தியைப் பற்றிக் கேட்பதுபோல இருந்தது. பொறாமையாகவும் இருந்தது. மகள் மேலேயே பொறாமைப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

"எனக்குச் சொல்லேன், கேக்கிறேன்."

அன்ஸியா தெரிந்த வரைக்கும் சொன்னாள். சுல்தானா பசார் ரோட்டில் திரிகிற ஒரு ஆடு. வெங்காய மூட்டையைக் கடித்ததற்காக அடிவாங்கிக் கோபித்துக்கொண்டு, மட்டாஞ்சேரி ஜெட்டியில் டிக்கெட் இல்லாமல் போட்டில் ஏறிவிடுகிறது. டிக்கெட் கேட்ட சேட்டனிடம் டிக்கெட் கட்டையே வாங்கித் தின்றுவிடுகிறது. தேவராவில் பட்டாளக்காரர்கள் அதைத் துரத்துகிறார்கள். நடுவில் இன்னும் என்னென்னவோ நடந்தது. அன்ஸியாவுக்கு அங்கங்கே விட்டுப்போயிருந்தது. கடைசியில் சுல்தானா ஆலுவா ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்கிறது.

"வண்டி வந்து நிக்குது. கதவு தொறந்திருக்கு. சுல்தானா ஒரு காலைத் தூக்கி உள்ள வெச்சா."

"அப்புறம்?"

"நாளைக்குன்னு சொன்னா அம்மா."

மெஹருன்னிசாவின் கையில் சீப்பு நின்றுவிட்டது. அந்த நாளைக்கு என்பது அம்மா அடுக்களையில் விழுந்த நாள்.

அன்ஸியா ஒவ்வொருவரிடமும் கேட்டுப் பார்த்திருக்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது. இடக்கொச்சியில் ஐஸ் கம்பெனி வேன் ஓட்டும் பரீதிடம் கேட்டபோது அவன் நல்லது செய்வதாக எண்ணி, "அது ட்ரெயின்ல ஏறி வீட்டுக்கு வந்துடுச்சு மோளே" என்றிருக்கிறான். "மட்டாஞ்சேரிக்கு ஏது ட்ரெயின்? மாமா கள்ளம் சொல்றாரு" என்று அதோடு அவனிடம் கேட்பதை விட்டுவிட்டாள்.

பக்கத்து வீட்டுச் சந்தனமாரிக்குத் தெரிந்திருக்கலாம் என்று மெஹருன்னிசா போய்க் கேட்டாள். சங்கரன்கோவில் பக்கமிருந்து வந்து, இஞ்சிக் கிட்டங்கியில் சுக்குப் பொறுக்கும் வேலை பார்ப்பவள். சைத்தூன் பீவியோடு தினமும் சுவரோரம் நின்று பேசிவந்தவள்.

"கதையா? எங்கிட்ட கதையெல்லாம் பேசாது தாயி," என்றாள் சந்தனமாரி. "ரேசன் கடையில அரிசி வந்திருச்சா, மீன்காரன் போயிட்டானா, இதத்தான் பேசும். அந்தப் புள்ளைக்குன்னு மட்டும் எடுத்து வச்சிருந்திருக்கு போல."

கேட்க வேறு யாரும் இல்லை. கதையின் முடிவு அம்மாவுக்கே தெரிந்திருந்ததோ என்னவோ. அன்றன்றைக்குத் தோன்றியதைச் சொல்லிக்கொண்டு போயிருப்பாள். மெஹருன்னிசா படியில் தானே முயன்று பார்த்தாள். "சுல்தானா உள்ள ஏறிட்டா. ஜன்னல் பக்கம் உக்காந்தா..."

"அல்ல."

"டிக்கெட் செக் பண்றவர் வந்தாரு..."

"அல்ல மெஹ்ரு. நினக்குத் தெரியாது. தெரியாததை எதுக்குச் சொல்றே?"

குரலில் கோபம்கூட இல்லை. பாதி பின்னிய தலையோடு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஒரு சனிக்கிழமை, மெஹருன்னிசா குளித்துவிட்டு வந்தபோது வீட்டில் அன்ஸியா இல்லை. மைனி குழந்தையைத் தூங்கவைத்துத் தானும் கண்ணயர்ந்திருந்தாள். சந்தில் இல்லை, பள்ளி வாசலில் இல்லை. ஈரத்தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு மெஹருன்னிசா பசார் ரோட்டுக்கு ஓடினாள். மூட்டை இறக்கும் லாரிகள் ரோட்டை அடைத்து நின்றன. "ஒரு சின்னப் பொண்ணு, மஞ்சள் ப்ராக்" என்று பார்த்தவர்களிடமெல்லாம் கேட்டாள். அதற்குமேல் அடையாளம் சொல்ல அவளுக்கு வரவில்லை. தன் மகளுக்கு எங்கே மச்சம் இருக்கிறது, எந்தப் பல் விழுந்திருக்கிறது என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று ஓடும்போதே நினைத்துக்கொண்டாள்.

கிட்டங்கி வாசலில் சுக்குத் தூசி படிந்த முகத்தோடு சந்தனமாரி ஓடிவந்தாள். "ஜெட்டிப் பக்கம் போறா தாயி. கூப்பிட்டேன், திரும்பியே பாக்கல."

அன்ஸியா ஜெட்டியில் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். காலில் செருப்பு இல்லை. அடிப்பதற்கு ஓங்கிக்கொண்டு போன கையை மெஹருன்னிசா கிட்டே போனதும் இறக்கிவிட்டாள். மூச்சு வாங்கப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எங்க போக வந்தே?"

"ஆலுவாக்கு. இங்கிருந்து ஆலுவாக்கு போட் இல்லையாம். அந்தச் சேட்டன் சொல்றாரு."

"மோளே, அது கதை."

"கதைன்னு எனக்குத் தெரியும்."

"பின்ன எதுக்கு வந்தே?"

அன்ஸியா தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "வீட்ல இருந்து இருந்து பார்த்தேன். அம்மா வரல்ல."

ஆகாயத்தாமரைகள் கொத்துக்கொத்தாக ஜெட்டித் தூண்களில் முட்டிக்கொண்டு நின்றன. எதிர்க்கரையில் கப்பல்கள் நின்றன.

"மெஹ்ரு."

"ம்."

"அம்மா நின்னோட அம்மாவா?"

"ஆமா."

"நின்னோட சொந்த அம்மா?"

"ஆமா மோளே. நான் அவ வயித்துல பொறந்தவ."

அன்ஸியா அவள் பக்கம் திரும்பி முகத்தை நன்றாகப் பார்த்தாள். "அப்ப இப்ப நினக்கும் அம்மா இல்லையா?"

வந்ததிலிருந்து துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்குச் சாயா போட்டுக் கொடுத்து, மைனியின் அழுகையைத் தேற்றி, மகள் சாப்பிட்டாளா தூங்கினாளா என்று பார்த்துக்கொண்டிருந்த மெஹருன்னிசா ஒருநாளும் உட்கார்ந்து அழுதிருக்கவில்லை. இப்போது வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கையை மீறிக்கொண்டு "அம்மா" என்று வந்தது. பிறகு நிறுத்த முடியவில்லை. அன்ஸியா பயந்துபோய் அவளையே பார்த்தாள். உதடு கோணிற்று. அவளும் "அம்மா" என்று தொடங்கினாள். இத்தனை நாள் அடைத்து வைத்திருந்தது மூச்சுத் திணறத் திணற வந்தது. அவள் மெஹருன்னிசாவின் மடியில் சாயவில்லை. பெஞ்சின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மெஹருன்னிசா கையை நீட்டியபோது தட்டிவிட்டாள். இருவரும் ஆளுக்கொரு பக்கம், ஒரே ஆளைக் கூப்பிட்டு அழுதார்கள்.

எறணாகுளத்திலிருந்து போட் வந்தது. இறங்கியவர்கள் பார்த்துக்கொண்டே போனார்கள். குடை வைத்திருந்த ஒரு முதியவர் மட்டும் நின்று, பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை நீட்டி மலையாளத்தில், "எந்தா மோளே? ஆரெங்கிலும் மரிச்சோ?" என்று கேட்டார்.

"அம்மா," என்றாள் அன்ஸியா.

"ஆருடெ அம்ம?"

அன்ஸியா தன்னைத் தொட்டுக் காட்டினாள். பிறகு மெஹருன்னிசாவைக் காட்டினாள். "ரெண்டு பேரோடயும்."

பெரியவர் இருவரையும் அக்கா தங்கை என்று நினைத்திருக்க வேண்டும். இவ்வளவு வயது வித்தியாசமா என்று ஒரு கணம் பார்த்தார். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் பாட்டிலை அவர்களிடமே விட்டுவிட்டுப் போனார்.

அன்றைக்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. மறுநாளும் அன்ஸியா மீனைத் தள்ளிவிட்டு வெறும் சோறுதான் தின்றாள். தலை சீவும்போது கதை கேட்பதை மட்டும் விட்டுவிட்டாள். கேட்காமல் இருப்பது கேட்டதைவிடக் கஷ்டமாக இருந்தது. சில நாட்களில் பள்ளிக்கூடத்தில் காரணமில்லாமல் அழுகிறாள் என்று டீச்சர் கூப்பிட்டனுப்புவாள். மெஹருன்னிசா போய் வராந்தாவில் நிற்பாள். அன்ஸியா வகுப்பிலிருந்து வெளியே வந்து, வந்திருப்பது யார் என்று பார்த்துவிட்டு, திரும்ப உள்ளே போய்விடுவாள்.

லீவு முடிய வந்தது. பரீத் ஒருநாள் சாயா குடிக்கும்போது சொன்னான். "நீ போய்ட்டு வா மெஹ்ரு. நாங்க பார்த்துக்கிறோம்."

மைனியின் மடியில் குழந்தை, அடுப்பில் பால். சம்மதம் என்றும் சொல்லமுடியாமல், மாட்டேன் என்றும் சொல்லமுடியாமல் பாலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைக் குறை சொல்ல மெஹருன்னிசாவுக்குத் தோன்றவில்லை.

அன்ஸியாவிடமே கேட்டுப் பார்த்தாள். "நான் மஸ்கட் போகட்டுமா மோளே?"

"போனா போன் பண்ணுவியா?"

"பண்ணுவேன்."

"யாரு எடுத்து எங்கிட்ட தருவா?"

போன் வந்தால் இதுவரை எடுத்தது சைத்தூன் பீவிதான். முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "இதோ பாரு, உன் அம்மா" என்று குழந்தையிடம் காட்டியவள் அவள்.

மெஹருன்னிசா யோசித்து ஒரு முடிவு எடுத்தாள் என்று சொல்லமுடியாது. பெட்டியைக் கட்டினாள், ஆட்டோவும் சொல்லிவைத்தாள். காலையில் ஆட்டோ வந்து சந்து முனையில் ஹாரன் அடித்தபோது அவள் எழுந்திருக்கவில்லை. பெட்டியின் பிடியில் கை வைத்தபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பரீத் இரண்டு தடவை வந்து கூப்பிட்டான். மூன்றாவது தடவை வரவில்லை. வெளியே போய் ஆட்டோக்காரரைத் திருப்பி அனுப்பினான். மேனேஜருக்கு அவள் போன் செய்தபோது அவர், அந்த இடத்தில் வேறு பெண்ணைப் போட்டாகிவிட்டது, இனி வரவேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டார்.

இப்போது தோப்பும்படியில் ஒரு கடைக்கு யூனிபார்ம் தைத்துக் கொடுக்கிறாள். அன்ஸியா இன்னமும் அவளை மெஹ்ரு என்றுதான் கூப்பிடுகிறாள். திருத்துவதற்கு அவளுக்கு மனம் வரவில்லை. அம்மா என்ற சொல்லை அந்தக் குழந்தையிடமிருந்து எப்படிப் பிடுங்குவது?

ஜூன் மழை பிடித்த ஒரு சாயங்காலம் அவள் மெஷினில் இருந்தாள். அன்ஸியா கீழே உட்கார்ந்து மலையாளப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். எழுதுவதை நிறுத்தாமலே கேட்டாள்.

"மெஹ்ரு, நீ சின்னதா இருக்கும்போ அம்மா நின்னை அடிக்குமோ?"

"அடிப்பா."

"என்னை அடிக்கல்ல."

"தெரியும்."

"எதுக்கு அடிச்சா?"

மெஹருன்னிசா மிதிப்பதை நிறுத்தினாள். "ஒருதடவை ஸ்கூல் தொறந்த புதுசுல, புதுக்குடையைத் தோட்டு வாய்க்கால்ல விட்டுட்டேன். இந்த மாதிரி மழை. காத்து இழுத்துட்டுப் போயிடுச்சு. அதுக்கு அடிச்சா. அடிச்சுட்டு அவளே தோட்டுல இறங்கித் தேடினா."

"எவ்வளவு தண்ணி?"

"இடுப்பு வரைக்கும். நான் கரையில நின்னு அழுதுக்கிட்டே இருந்தேன். ஏறி வா ஏறி வான்னு கூப்பிடுறேன், வரமாட்டேங்குறா. இருட்டுற வரைக்கும் கைய விட்டுத் துழாவினா."

"கிடைச்சுதா?"

"கிடைக்கல."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்ல மோளே. நனைஞ்சுக்கிட்டு வீட்டுக்கு வந்தோம். எங்கூட ரெண்டு நாள் பேசல."

அன்ஸியா பென்சிலை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் யோசித்தாள். "பாவம்," என்றாள்.

"யாரு, நானா?"

"நீ அல்ல. அம்மா."

சொல்லிவிட்டுக் குனிந்து விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கினாள். மெஹருன்னிசா ஊசியில் அறுந்திருந்த நூலைக் கோக்க முயன்றாள். கண் மங்கலாக இருந்ததால் நூல் காதுக்குள் நுழையவில்லை.